எங்களுக்குத் தெரியாத துவக்கா

எங்கள் கடையில் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவர் இந்த வசனத்தைச் சொல்லிவிடுவார்: "எங்களுக்குத் தெரியாத துவக்கா?" யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனுக்கு வந்து, தொப்பை தள்ளிய பிறகு ஆண்கள் சொல்லும் வசனம் இது. பெண்கள் சொல்லி நான் கேட்டதில்லை. அமெரிக்காவில் எங்கோ ஒரு சந்தைக் கட்டடத்தில் ஒருவன் துப்பாக்கியால் கண்டபாட்டுக்குச் சுட்டான் என்று செய்தி வந்தால் போதும். கடையின் பின்னறையில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற எல்லோரும் தளபதிகளாகிவிடுவார்கள்.

"நான் அங்க நிண்டிருந்தா முதல் வெடியிலேயே அவன்ர கையைப் பாத்து அடிச்சிருப்பன்" என்பார் ஒருவர். அவர் கண்ணாடி போடாவிட்டால் லொத்தர் சீட்டின் இலக்கத்தையே வாசிக்கமாட்டார்.

கடை லூயிஷாமில், பெரிய வீதியில், பஸ் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அரிசி, மரக்கறி, போத்தல், சிகரெட், லொத்தர் எல்லாம் உண்டு. நான் பதினேழு வருடமாக அங்கே கல்லாவில் நிற்கிறேன். கடைக்காரர் என்னைவிட நாலு வயது மூத்தவர். முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, அண்ணை என்று கூப்பிட வேண்டும். அண்ணை என்று கூப்பிடுகிறவனுக்கு லீவு கேட்க வாய் வராது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

துவக்கைப் பற்றி எங்களுக்கு உண்மையில் என்ன தெரியும்? சத்தம் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கிட்டவா தூரவா, எப்போது படுக்க வேண்டும், எவ்வளவு நேரம் கழித்துத் தலையைத் தூக்கலாம் என்பதெல்லாம் தெரியும். பன்னிரண்டு வயதில் நான், கையில் இருக்கும் சோற்றுக் கோப்பை நிலத்தில் விழுமுன் குப்புறப் படுத்துவிடுவேன். அதுதான் நாங்கள் படித்த பாடம். துவக்கை நான் ஒருநாளும் தொட்டதில்லை. அண்ணையும் தொட்டதில்லை. அவர் உயர்தரச் சோதனை எழுதிய கையோடு கொழும்புக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர். தொட்டவர்கள் சிலர் எங்கள் கடைக்கு வருவதுண்டு. மரக்கறியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள். பின்னறைக்கு வந்து தேத்தண்ணி குடிப்பதில்லை.

அண்ணைக்கு ஒரு தம்பி. லண்டனுக்கு வந்த புதிதில் அவனும் நானும் ஒரே அறையில் இருந்தவர்கள், ஒரே போர்வையை மாறி மாறிப் போர்த்தவர்கள். அவன் பிறகு கம்ப்யூட்டர் வேலை கிடைத்து டெக்சாஸ் போனான். அங்கே துவக்கு வைத்திருக்க லைசென்ஸ் எடுத்திருந்தான். ஒரு கோடையில் அண்ணை அவனிடம் போய் மூன்று கிழமை நின்றார். தம்பி அவரைச் சுட்டுப் பழகும் இடத்துக்கு ஒருநாள் கூட்டிப் போனான். காலை அகட்டி, காதை மூடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி பிஸ்டல் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார் அண்ணை. அதைப் பெரிதாக்கிப் பின்னறையில் பிள்ளையாருக்கும் கலண்டருக்கும் நடுவில் மாட்டினார்.

அதோடு நின்றிருக்கலாம். திரும்பி வந்த மாதமே ஒரு காற்றுப் பிஸ்டல் வாங்கினார். சின்ன ஈயமணி போட்டுச் சுடுவது. சோடா டின்னைச் சுட்டால் ஒரு பொட்டு விழும், அவ்வளவுதான். பார்வைக்கு மட்டும் அச்சு அசல் நிஜத் துவக்கு. வயதைப் பார்த்துவிட்டு யாருக்கும் விற்பார்களாம். இதைத் தெருவில் வெளியே எடுத்தால் பொலிஸ் பிடிக்கும் என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாராம். அதை எங்களுக்குச் சொல்லிச் சிரித்ததும் அண்ணைதான்.

"ஆரும் உள்ள வரட்டும், காட்டுறன்" என்று அதைக் கல்லாவுக்குக் கீழே, பொலித்தீன் பைக்கட்டுகளுக்குப் பின்னால் வைத்தார். வருகிற எங்கள் ஆட்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். அவர்கள் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி, கொத்தமல்லிப் பைக்கட்டுகளைக் குறி பார்த்தார்கள். நானும் ஒருநாள் குறி பார்த்தேன். அதை மறைத்து எழுத முடியாது.

அந்தச் சனிக்கிழமை பங்குனி மாதத்தில் வந்தது. பின்னேரம் நாலு மணி, வெளியே நல்ல வெளிச்சம். எங்கள் வாடிக்கைக்காரி ஒருவர் அப்போதுதான் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே போனார். அறுபது வயதிருக்கும். கரீபியன் தீவொன்றில் பிறந்து சிறுமியாக இங்கே வந்தவர், ஆரம்பப் பாடசாலை ஒன்றில் சமையல் வேலை. சனிக்கிழமைதோறும் கறி வாழைக்காய் வாங்க வருவார், என்னை "டார்லிங்" என்பார். எல்லோரையும் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தும் எனக்கு அது பிடிக்கும். அன்றைக்கும் நாலு வாழைக்காய் வாங்கிக்கொண்டு, வீதியைக் கடந்து, பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றார்.

மூன்று வெடி. முதலாவது கேட்டதும் நான் நிலத்தில் கிடந்தேன். யோசித்துப் படுக்கவில்லை, உடம்பு தானாகப் படுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், எனக்கு முன்னமே அண்ணை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கன்னத்தைச் சீமெந்தில் வைத்துப் படுத்திருக்கிறார். அதில் ஒரு பிழையும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே நல்ல காரியத்தை இரண்டு பேரும் ஒழுங்காகச் செய்தோம். ஒரு கார் டயர் கிறீச்சிட்டுப் போகும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. அதற்குப் பிறகு ஒரு பெண் கத்தும் குரல்.

யாரோ இரண்டு கூட்டத்துக்குள் தகராறாம். காரில் இருந்தவன் குறிவைத்த ஆள் ஓடித் தப்பிவிட்டான். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது கண்ணாடிக் கதவால் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் வாடிக்கைக்காரி பஸ் தரிப்பிடத்தின் அடியில் சரிந்து கிடந்தார். தொடையிலிருந்து இரத்தம் போய்க்கொண்டிருந்தது. வீதி வேலை செய்கிற ஒருவன், செம்மஞ்சள் மேலங்கி போட்டவன், அவர் பக்கத்தில் முழங்காலில் நின்று இரண்டு கையாலும் தொடையை அமத்திப் பிடித்திருந்தான். குழந்தை வண்டியோடு நின்ற ஒரு பெண் போனில் அம்புலன்சுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பேர் அவர்களை நோக்கி வந்தார்கள். அதாவது, எல்லாம் நடக்க வேண்டியபடிதான் நடந்துகொண்டிருந்தது.

அண்ணை எழும்பினார். முழங்காலைத் தட்டினார். கதவால் எட்டி, கார் போன பக்கத்தை வடிவாகப் பார்த்தார். கார் போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் அவருக்கு வீரம் வந்தது. பைக்கட்டுகளை இழுத்து எறிந்துவிட்டு அந்தப் பிஸ்டலை எடுத்தார்.

"நீர் வீடியோ எடும்! வடிவா எடும்!" என்று சொல்லிக்கொண்டு வெளியே ஓடினார்.

நான் எடுத்தேன். கதவைப் பாதி திறந்து, தோளை நிலையில் சாய்த்துக்கொண்டு, போனை நீட்டி எடுத்தேன்.

அவர் நடு வீதியில் போய் நின்றார். காலை அகட்டி, இரண்டு கையையும் நீட்டி, பின்னறைப் படத்தில் நிற்கிற அதே மாதிரி. கார் போன பக்கம் குறி வைத்தார், பிறகு மற்றப் பக்கம் திரும்பினார், பிறகு மாடி ஜன்னல்களைப் பார்த்தார். சுடுவதற்கு அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் அந்த ஈயமணியை வைத்துக்கொண்டு என்ன கிழித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

செம்மஞ்சள் மேலங்கிக்காரன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். முப்பது அடிக்கு அப்பால் துவக்கோடு ஒருவன், தன் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறான். அவன் என்ன நினைப்பான்? சுட்டவன் திரும்பி வந்துவிட்டான் என்றுதான் நினைப்பான். கையை எடுத்துவிட்டு ஓடினான். குழந்தை வண்டிக்காரி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். உதவிக்கு வந்த இரண்டு பேரும் வந்த வழியே ஓடினார்கள். ஓடியவர்களில் யாரோ பொலிசுக்குப் போன் பண்ணி, துவக்கோடு ஒரு ஆசியக்காரன் நடு வீதியில் நிற்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

பிறகு கொஞ்ச நேரம் அந்த வீதியில் இரண்டே பேர்தான் இருந்தார்கள். நடுவில் அண்ணை. ஓரத்தில், தன் இரத்தத்தில், அந்தப் பெண்மணி. அவர் கையைத் தூக்கி ஆட்டினார். யாரை நோக்கி ஆட்டினாரோ தெரியாது. அண்ணை அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நான் போனின் திரையில் பார்த்தேன். அந்தப் பெண்மணியின் கை படத்தின் ஓரத்தில் வெட்டுப்படாமல் இருக்க போனைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தியது எனக்கு நினைவிருக்கிறது.

துவக்குப் பொலிஸ் வந்தது. காரின் கதவுகளுக்குப் பின்னால் நின்று கத்தினார்கள். அண்ணை பிஸ்டலும் கையுமாக அவர்கள் பக்கம் திரும்பி, தான்தான் கடைக்காரன் என்று ஆங்கிலத்தில் விளக்கம் கொடுக்கத் தொடங்கினார். அன்றைக்கு அவர் உயிரோடு வீடு போனது அவருடைய கெட்டித்தனம் அல்ல, அந்தப் பொலிஸ்காரர்களின் பொறுமை. கீழே போடு, கீழே போடு என்று அவர்கள் தொண்டை கிழியக் கத்த, அண்ணை போடவில்லை. குனிந்து மெல்ல வைக்கப் பார்த்தார். புதுச் சாமானாம், கீறு விழுந்துவிடுமாம். இதைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். என்னிடம் கத்தியபோது நான் கையில் இருந்ததை உடனே போட்டேன். வீடியோ அதில் முடிகிறது.

அம்புலன்ஸ் அதற்கு முன்னமே வந்துவிட்டது. மூலையில், வெதுப்பகத்துக்குப் பக்கத்தில், நீல விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு நின்றது. பச்சை உடுப்புக்காரர்கள் பையும் கையுமாக இறங்கி நின்றார்கள். ஆனால் துவக்கோடு ஒருவன் வீதியில் நிற்கும்வரை அவர்களை உள்ளே விடமாட்டார்கள். அண்ணையைக் குப்புறப் போட்டு, கையைக் கட்டி, என்னையும் சுவரோடு நிறுத்தி, கடைக்குள் வேறு யாரும் துவக்கோடு இருக்கிறார்களா என்று பார்த்து முடித்த பிறகுதான் விட்டார்கள். அவ்வளவு நேரமும் அந்தத் தொடையை அமத்த ஒரு கை இல்லை.

அண்ணை ஒரு இரவு பொலிசில் இருந்தார். பிஸ்டலைப் பறித்து வைத்துக்கொண்டு, கடுமையாக எச்சரித்து, வழக்குப் போடாமல் விட்டார்கள். என்னிடம் வாக்குமூலமும் வீடியோவும் வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தக் கார். வீடியோவில் கார் இல்லை.

அண்ணைக்கு வெட்கமாக இருக்கும், ஒரு வாரமாவது முகத்தைக் காட்டமாட்டார் என்று நான் நினைத்தேன். திங்கட்கிழமையே கடைக்கு வந்துவிட்டார். "வீடியோவை அனுப்பும்" என்றார் வந்ததும் வராததுமாக. அனுப்பினேன். அன்று பின்னேரமே அது எனக்கே திரும்பி வந்தது, கிழக்கு லண்டனில், செவன் கிங்சில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணனிடமிருந்து. முரசு கொட்டும் பாட்டொன்று போட்டிருந்தார்கள். பொலிஸ் வரும் பகுதி இல்லை. அண்ணை மட்டும் தெரியும்படி இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் கிடந்த பெண்மணி இல்லை, அவர் தூக்கிய கை இல்லை. ஒரு தமிழன் தனியாக நடு வீதியில் துவக்கோடு லண்டனைக் காத்துக்கொண்டிருந்தான். கீழே குட்டிக் கைதட்டல் படங்களும் தீப்பிழம்புப் படங்களும் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

என் மனைவி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். அவளுக்கு முழு வீடியோவையும் காட்டினேன். ஏன் காட்டினேன்? பார், உன் புருசன் வெடிச் சத்தம் கேட்ட பிறகும் கையெடுக்காமல் எடுத்திருக்கிறான் என்று அவள் மெச்சுவாள் என ஒரு மூலையில் ஆசை இருந்திருக்க வேண்டும். அவள் பார்த்து முடித்துவிட்டு, "இஞ்சருங்கோ, கடையில துவாய் இருந்ததுதானே?" என்று கேட்டாள்.

"ஓம். ஏன்?"

"ஒரு துவாயை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அமத்திப் பிடிச்சிருக்கலாமே. அவர் விசர் பிடிச்சு வீதியில நிண்டால், நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

கல்லாவிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் மூன்றாம் தட்டில் சமையலறையில் கை துடைக்கிற துவாய்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

அந்த வார முடிவில் டெக்சாஸ் தம்பி போன் பண்ணினான். அவனுக்கும் வீடியோ போயிருந்தது.

"மச்சான், அண்ணை தானாத்தான் வெளியில ஓடினவரோ? இல்லாட்டி அவங்கள் கடைக்குள்ள வந்தவங்களோ?"

"ஒருத்தனும் வரேல்ல. கார் போனாப் பிறகுதான் ஓடினவர்."

பிறகு அவன் கொட்டித் தீர்த்தான். "எனக்கு லைசென்ஸ் தர முதல் வகுப்பில இருத்தி வைச்சுச் சொல்லித் தந்தவங்கள், மச்சான். சுடுறதைவிட, எப்ப சுடக்கூடாது எண்டுதான் கனக்கச் சொன்னவங்கள். ஓட ஏலுமெண்டால் ஓடு. ஏலாட்டில் கதவைப் பூட்டிப்போட்டுப் படு. அவன் உன்ர கதவை உடைச்சுக்கொண்டு வந்தால் மட்டும் துவக்கைத் தொடு. போறவனைத் துரத்தாத. பொலிஸ் வரேக்க உன்ர கையில ஒண்டும் இருக்கக்கூடாது, ஏனெண்டால் நீ நல்லவனோ கெட்டவனோ எண்டு அவங்களுக்குத் தெரியாது. எல்லாம் முடிஞ்சால் துவக்கை விட்டுப்போட்டுக் காயக்காரனைப் பார்."

"இதை நீ அண்ணைக்குச் சொல்லேல்லயோ?"

"சொல்லத் தொடங்கினனான். அந்தாள் இடையில மறிச்சு, 'எங்களுக்குத் தெரியாத துவக்கா, நீ படத்தை எடு' எண்டுது."

நிஜத் துவக்கை இடுப்பில் வைத்திருக்கிறவன் படுக்கச் சொல்கிறான். விளையாட்டுச் சாமானை வைத்திருக்கிறவன் வீதிக்கு ஓடுகிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பவும் வந்தது.

வைகாசியில் கடைக்காரர்களின் ஒன்றியம் வருடாந்த ஒன்றுகூடல் வைத்தது. ஹரோவில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மதியம். பிள்ளைகளின் நடனம், மைக்கில் ஊதிப் பார்க்கும் அறிவிப்பாளர், ஆறிப்போன ரோல்ஸ். இவற்றுக்குப் பிறகு வீரத்துக்கான கௌரவிப்பு. திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள், முரசோடு. நானூறு கதிரைகளும் நிரம்பி இருந்தன, எல்லோரும் எழும்பித் தட்டினார்கள். தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். மஞ்சள் பட்டு, தங்கக் கரை. எங்கள் சனத்துக்கு ஒருவரைச் சரியென்று முடிவு செய்ய இதைவிட வேறு வழி தெரியாது. பொன்னாடை போட்டுவிட்டால் அதற்குப் பிறகு கேள்வி கிடையாது. அண்ணை கையைக் கூப்பி, கண்ணைப் பாதி மூடி, புகைப்படக்காரன் பக்கம் திரும்பி நின்றார்.

பிறகு நேரில் கண்டவர் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் தயாராகத்தான் போயிருந்தேன். செம்மஞ்சள் மேலங்கிக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவனுக்குத்தான் இந்தப் பட்டுத்துணி போயிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ரயிலில் வரும்போது நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். மேடையில் ஏறினால் கீழே நானூறு முகம், எல்லாம் தெரிந்த முகம். பக்கத்தில் பதினேழு வருட அண்ணை.

"அண்ணை துணிஞ்ச ஆள். நான் கண்ணால கண்டனான்" என்றேன்.

திரும்பவும் தட்டினார்கள். இறங்கி வந்தபோது என் மனைவியின் கதிரை வெறுமையாக இருந்தது. வெளியே கார் தரிப்பிடத்தில் நின்றாள். ரயிலில் தள்ளிப்போய் வேறு இருக்கையில் இருந்தாள். அண்ணையின் மேல் எனக்கிருந்த அருவருப்பை நான் இவ்வளவு நேரமும் நன்றாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன். அன்று ரயிலில் எதிர்க் கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்க்க அதைவிட மோசமாக இருந்தது.

ஆடி மாதத்தில் அந்தப் பெண்மணி கடைக்கு வந்தார். கைத்தடி. வலது பாதத்தை நிலத்தில் இழுத்து இழுத்து வந்தார். பாதி ஆளாக மெலிந்திருந்தார். அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், கடைக்காரர் உன்னைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைத்து வெளியே ஓடினார் என்று. அண்ணைக்கு ஒரு நன்றி மட்டை கொண்டுவந்திருந்தார். முன்பக்கத்தில் பூக்கள், உள்ளே கையால் எழுதிய நாலு வரி. அண்ணை கை கூசாமல் வாங்கினார். பொலிஸ் தாமதித்துவிட்டது, அம்புலன்சும் தாமதித்துவிட்டது, தன்னால் முடிந்ததைத் தான் செய்ததாக ஆங்கிலத்தில் அடக்கமாகச் சொன்னார். அந்தப் பெண்மணி போனதும் அண்ணை அந்த மட்டையைப் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பொன்னாடைப் படத்தின் கீழே ஒட்டினார். நான் பச்சை மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

அடுத்த செவ்வாய், அண்ணை மொத்த விற்பனைக் கடைக்குச் சாமான் எடுக்கப் போயிருந்த நேரம், அந்தப் பெண்மணி திரும்பவும் வந்தார். வாழைக்காய் எடுக்கவில்லை. கல்லாவுக்கு முன்னால் கைத்தடியை ஊன்றி நின்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"டார்லிங், அன்றைக்கு நீ இங்கேதானே நின்றாய்? உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். முதலாளியிடம் கேட்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது."

"கேளுங்கள்" என்றேன்.

"எனக்கு ஒரு ஆள் நினைவிருக்கிறான். செம்மஞ்சள் மேலங்கி. என் காலைப் பிடித்திருந்தான். 'நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன், என்னையே பார்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். திடீரென்று கையை எடுத்துவிட்டுப் போய்விட்டான். ஏன் போனான்? ஆஸ்பத்திரியில் மூன்று மாதமும் அதைத்தான் யோசித்தேன். என் முகத்தில் எதைக் கண்டான்? இவள் சாகப் போகிறாள், இனி வேலையில்லை என்று விட்டுவிட்டானா? மருந்து போட்டாலும் எனக்கு நித்திரை வருவதில்லை. இரவில் அந்தக் கை என் காலில் இருந்து எடுபடுகிறது, அப்போது முழித்துவிடுகிறேன்."

தன் காலைப் பற்றிக் கேட்கவில்லை. பாடசாலை வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் போனான் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்தப் பதில் என் சட்டைப் பையில் இருந்தது.

அண்ணை வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கதவைச் சாத்தி, மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பிவிட்டேன். அவரை என் ஸ்டூலில் இருத்தினேன். போனை எடுத்து, முழு வீடியோவையும் திறந்து, அவர் கையில் கொடுத்தேன். பார்க்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டார்.

தன்னைத் தான் பார்த்தார். செம்மஞ்சள் மேலங்கிக்காரனைப் பார்த்தார். அண்ணை ஓடிப்போய் வீதியில் நிற்பதைப் பார்த்தார். அந்த மனிதன் தலையை நிமிர்த்துவதையும், கண்ட உடனே எழும்பி ஓடுவதையும் பார்த்தார். அந்த இடத்தை விரலால் பின்னுக்குத் தள்ளி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு இன்னொரு தரம்.

"என்னால் அல்ல" என்றார். "துவக்கைக் கண்டுதான் ஓடியிருக்கிறான். என்னை விட்டுப் போகவில்லை."

"இல்லை. உங்களை விட்டுப் போகவில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கடைசியில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அண்ணையைப் பற்றி அவர் கத்தப் போகிறார், பொலிசுக்குப் போகிறேன் என்று சொல்லப் போகிறார், நானும் கூடவே வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் வீடியோவை நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. வெறும் வீதி, நடுவில் அண்ணை, ஓரத்தில் அவர். அவருடைய கை மேலே எழும்பி ஆடியது. படம் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து அந்தக் கையை முழுதாகக் காட்டியது. அவர் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து கடையின் கதவைப் பார்த்தார், அதிலிருந்து பஸ் தரிப்பிடத்தைப் பார்த்தார்.

"இதை எடுத்தது யார்?"

"நான்தான்" என்றேன். "முதலாளி எடுக்கச் சொன்னார்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் பொலிஸ் வரும்வரை, போன் கீழே விழுந்து படம் கறுக்கும்வரை, இருந்து பார்த்து முடித்தார். பிறகு போனைத் திருப்பி என் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் கை கொஞ்சம்கூட ஆடவில்லையே, டார்லிங்" என்றார்.